ரீயூனியன் தீவில் எதிர்ப்பட்ட மனிதர்கள்

காரைக்காலிலிருந்து:

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்குப் போய்வந்தவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறீர்கள். எந்த விடுதி வசதி, எந்தக் கடற்கரையில் குளிக்கலாம் என்றெல்லாம் நிறையப் பேசியாகிவிட்டது. அங்கே யாரைச் சந்தித்தீர்கள், எந்த இடத்தில் கால் நகர மறுத்தது என்று எழுதுங்களேன். நானே தொடங்கிவைக்கிறேன்.

சென்ற ஜூலையில் மகளுடன் போயிருந்தேன். மொரீஷியஸிலிருந்து முக்கால் மணி நேர விமானப் பயணம். முதல் வேலையாக எரிமலையைப் பார்க்கக் கிளம்பினோம். பிதோன் த லா ஃபுர்னேஸ் என்பது அதன் பெயர். தமிழில் சொன்னால் உலைச் சிகரம். 2632 மீட்டர் உயரம். உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று.

பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடும் என்று தங்கியிருந்த வீட்டம்மா எச்சரித்ததால் விடியற்காலை நான்கு மணிக்கே புறப்பட்டோம். ஜூலை அங்கே குளிர்காலம். சாலையோரப் புல்லில் உறைபனி வெளுத்துக் கிடந்தது. மாடுகள் மேயும் பச்சை மேட்டு நிலத்தில் வெகுதூரம் ஏறிய சாலை, ஒரு வளைவில் திடீரென்று வேறோர் உலகத்துக்குள் இறங்கியது. மரமில்லை, வீடில்லை. கரியும் செங்கல் பொடியும் கலந்து கொட்டியது போன்ற வெட்டவெளி. மணல்வெளி என்றே அதற்குப் பெயர். அதைக் கடந்தால் பெல்கோம்ப் கணவாய். 2311 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறைச் சுவரின் விளிம்பு அது. அங்கிருந்து கீழே தெரிவது முழுவதும் இறுகிய எரிமலைக் குழம்பு. அதன் நடுவே சிகரம்.

வெடிப்பு நெருங்குவதாகக் கருவிகள் காட்டினால், அங்கிருந்து கீழே இறங்கும் வாசலை அரசு பூட்டிவிடும். நாங்கள் போன அன்று திறந்திருந்தது. நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி, பாறைகளில் பூசியிருக்கும் வெள்ளை அடையாளங்களைப் பார்த்தபடியே நடந்தோம். வழியில் ஃபோர்மிகா லெயோ என்ற சிறு கூம்பு. 1753இல் உருவானதாம். பழுத்த மிளகாய் நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அப்பால் தரை முழுவதும் கயிறு கயிறாகச் சுருண்ட கல். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படியும் ஆடையை விரலால் தள்ளினால் சுருங்குமே, அந்தச் சுருக்கம் அப்படியே கல்லாகிக் கிடந்தது. கையுறையைக் கழற்றித் தொட்டேன். சில்லென்று இருந்தது. உடைந்த விளிம்பு கண்ணாடி போலக் கூர்மை. விரல் நுனியில் கீறி இரத்தம் வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த நிலவியல் ஆசிரியர் ஒருவர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. தக்காணத்துக் கருங்கல் படுகைகளும் இந்தத் தீவும் பூமிக்குள் இருக்கும் ஒரே வெப்ப ஊற்றின் பிள்ளைகள். சுமார் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு அந்த ஊற்றின் மேல் இருந்தபோது பொங்கியதுதான் அஜந்தா, எல்லோரா குகைகள் குடையப்பட்ட பாறை. நம் நிலம் வடக்கே நகர்ந்துவிட்டது. ஊற்று அங்கேயே நின்று மாலத்தீவு வரிசைக்கும் மொரீஷியஸுக்கும் அடித்தளம் போட்டு, இப்போது ரீயூனியனில் கொதித்துக்கொண்டிருக்கிறது. கால் வைத்திருந்த கல் அதன் பிறகு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

திரும்பி ஏறும்போதுதான் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். படிக்கட்டில் பேத்தியுடன் உட்கார்ந்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் எந்த ஊர் என்று, பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோலில் கேட்டார். பள்ளியில் கற்ற பிரெஞ்சு கைகொடுத்தது. "காரைக்கால்" என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "கரிக்கால்" என்று தம் உச்சரிப்பில் இரண்டு முறை சொன்னார். அவருடைய தாத்தாவின் தந்தை கப்பல் ஏறியது எங்கள் ஊர்த் துறையிலிருந்துதானாம். கைப்பையைத் திறந்து காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். உள்ளே நடுவில் துளையிட்ட குட்டி வடைகள்! அங்கே அதற்கு 'பொன்போன் பிமான்' என்று பெயர். மொச்சை வகைப் பயற்றை அரைத்து, பச்சை மிளகாயும் இஞ்சியும் சேர்த்துப் பொரிப்பது. 2300 மீட்டர் உயரத்தில், மேகம் ஏறிவரும் நேரத்தில், ஆறிப்போன அந்த வடையைப் போல ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

ரீயூனியனில் 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். 1860இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு கப்பல்கள் இன்னும் பெருகின. தோட்டங்களில் நடந்த கொடுமை தாங்காமல் 1882இல் பிரிட்டிஷ் அரசே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அவர்களுடைய வழிவந்தவர்களை இன்று 'மலபார்' என்கிறார்கள். பெரும்பாலோரின் வேர் தமிழ் மண்ணில்தான் இருக்கிறது.

கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் சாந்த் ரோஸ் அருகில் உள்ள தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். 1977 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு ஊருக்குள் வந்து வீடுகளை விழுங்கியது. தேவாலய வாசலைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. வாசற்படியில் இறுகி நிற்கும் அந்தக் கறுப்புக் கல்லை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். இன்னும் தெற்கே, 2007இல் கடல் வரை ஓடிய குழம்பின் மேல் புதிய சாலை போட்டிருக்கிறார்கள். அந்த வெடிப்பில் உச்சியிலுள்ள தொலொமியே பள்ளத்தின் தரை சுமார் 300 மீட்டர் உள்வாங்கிவிட்டது. கறுப்புக் கல்லின் பிளவுகளில் பெரணி முளைத்திருக்கிறது. மகள் வண்டியை நிறுத்தச் சொல்லி வெகுநேரம் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொள்ளாச்சியிலிருந்து:

ஐயா, நான் எரிமலைக்கு ஏறவில்லை. முழங்கால் ஒத்துழைக்காது. நான் போனது வனிலாவுக்காக.

2003 வாக்கில் வனிலா விலை உச்சத்துக்குப் போனபோது எங்கள் பக்கத்தில் பலரும் தென்னை, பாக்குத் தோப்புகளில் கொடி நட்டோம். பிறகு விலை சரிந்ததும் பெரும்பாலோர் பிடுங்கிப் போட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை. இன்றும் முப்பது கொடி வைத்திருக்கிறேன். வனிலாப் பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் வாடிவிடும். அதன் தாய்நாடான மெக்சிகோவுக்கு வெளியே காய் வேண்டுமென்றால் ஒவ்வொரு பூவையும் மனிதன்தான் தொட வேண்டும். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே மெல்லிய மடல் ஒன்று தடுப்பாக இருக்கிறது. அதைக் குச்சியால் தூக்கிவிட்டு, கட்டைவிரலால் மகரந்தத்தை மெதுவாக அழுத்த வேண்டும். இருபது ஆண்டுகளாகத் தென்னை ஈர்க்கை வைத்துக்கொண்டு இதைச் செய்கிறேன். இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை.

சாந்த் சுசானில் சொன்னார்கள். 1841இல், அந்த ஊர்த் தோட்டம் ஒன்றில் அடிமையாக இருந்த எட்மோன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன். பெரிய பெரிய தாவரவியல் அறிஞர்கள் திணறிய காரியத்தை ஒரு குச்சியையும் தன் விரலையும் கொண்டு முடித்துக் காட்டினான். தோட்டம் தோட்டமாக அவனை அழைத்துப்போய் மற்றவர்களுக்குக் கற்றுத்தரச் செய்தார்கள். தீவுக்கு அன்று பூர்போன் என்று பெயர். 'பூர்போன் வனிலா' என்ற புகழ் அப்படித்தான் உலகெங்கும் போனது. அவனுக்கு அல்பியுஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்ததே 1848இல் விடுதலை வந்த பிறகுதான். 1880இல் வறுமையில் இறந்துபோனார். அதைக் கேட்டபோது நெஞ்சு அடைத்தது. நானும் நட்டு, விற்று, சம்பாதித்தவன்தானே.

நான் போனது நவம்பர், பூக்கும் காலம். தோட்டத்தில் என் வயதுடைய ஓர் அம்மா வேலை செய்துகொண்டிருந்தார். அவர் கையில் எலுமிச்சை முள். எனக்கு அவருடைய மொழி தெரியாது, அவருக்கு என்னுடையது தெரியாது. முள்ளைக் கேட்டு வாங்கி ஒரு பூவைச் செய்து காட்டினேன். குனிந்து கூர்ந்து பார்த்தார். என் கட்டைவிரலைப் பிடித்து இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்துவிட்டு, அடுத்த பூவைக் காட்டினார். அழுத்தம் குறைவாகவே போதும் என்று அன்றுதான் புரிந்தது. அந்தக் கொடி முடியும் வரை இருவருமாகச் செய்தோம். இந்தப் பருவத்தில் என் தோட்டத்திலும் அதே சாய்வில்தான் செய்தேன்; உதிர்ந்த பூ குறைந்திருக்கிறது.

சென்னையிலிருந்து:

காரைக்கால் அண்ணா வடையைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றிவிட்டது. தீவின் நடுவே மாஃபாத், சலாசி, சிலாவோஸ் என்று மூன்று பெரும் மலைக் கிண்ணங்கள் இருக்கின்றன. பழைய எரிமலையான பிதோன் தே நேஜின் சரிவுகள் இடிந்து, மழையில் அரிபட்டு உண்டானவை. 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதி அது. மாஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலைகள் அவை.

நான் போனது சலாசி. கிண்ணத்தின் சுவரெங்கும் அருவிகள். 'மணமகளின் முகத்திரை' என்ற அருவி சாலையிலிருந்தே தெரிகிறது. எல்பூர் என்ற அழகான மலைக் கிராமத்தில் மர வீடுகளின் கூரை விளிம்பில் தகரத்தை ஜரிகை போல வெட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே நடந்ததில் மழை பிடித்துக்கொண்டது, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மழை என்றால் அந்தத் தீவின் மழை! 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் ஒரே நாளில் 1825 மில்லிமீட்டர் கொட்டியிருக்கிறது. சென்னைக்கு ஓராண்டில் கிடைப்பதைவிட அதிகம்.

காய்கறிக் கடை நடத்தும் பெண்மணி என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். கடை முழுவதும் ஒரே காய். பெயர் கேட்டேன். "ஷூஷூ" என்றார். எடுத்துப் பார்த்தால் நம் சௌசௌ! நம் பெயரும் அந்தப் பெயரும் ஒன்றே. சலாசி முழுவதும் அதற்குப் பந்தல் போட்டிருக்கிறார்கள். கூட்டு வைப்போம் என்பதை எப்படியோ கையால் சொல்லி விளக்கினேன். உடனே பின்பக்கம் போய் ஒரு கொத்து இலையைப் பறித்து வந்து நீட்டினார். மணத்திலேயே தெரிந்துவிட்டது. "கலுப்பிலே" என்றார். கறிவேப்பிலை! அடுத்தது "முருங்" என்றார். அவர்களும் முருங்கைக்கீரை சமைக்கிறார்கள். பெயர் சொல்லிக் காட்டிக்காட்டி ஒரு மணி நேரம் போனது. அவருடைய மகன் தன் வண்டியில் சாந்த் ஆந்த்ரே என்ற ஊர் வரை கொண்டுவந்து விட்டான். பெட்ரோலுக்குப் பணம் கொடுத்தேன், வாங்கவே இல்லை.

கோலாலம்பூரிலிருந்து:

சாந்த் ஆந்த்ரேயில் காவடி பார்த்தேன். பத்துமலைக் கூட்டத்தில் வளர்ந்தவன் நான். அங்கே கண்டது சிறிய கூட்டம்தான். அலகு குத்தியிருந்த இளைஞர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது. பக்கத்தில் நின்றவர் கையில் பழைய நோட்டுப் புத்தகம். பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த தமிழ்ப் பாட்டு. ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் பாடினார். 'மாரியம்மா' என்ற சொல் வரும்போது மட்டும் நோட்டைப் பார்க்கவில்லை. திரௌபதியைப் பாண்டியலே என்கிறார்கள். அவளுக்குப் பதினெட்டு நாள் விரதமிருந்து தீ மிதிக்கிறார்கள். காரைக்கால் அண்ணா, அந்தப் பெரியவரை அதன்பிறகு பார்த்தீர்களா?

காரைக்காலிலிருந்து:

பார்த்தேன் தம்பி. எழுத வேண்டாமென்று இருந்தேன், நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் பூஜை மாடத்திலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துவந்தார். கப்பலில் வந்தது என்று குடும்பத்தில் சொல்லிக்கொள்கிறார்களாம். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. நான்கு தலைமுறையாக யாராலும் படிக்க முடியவில்லை. ஏதோ மந்திரம் என்று நினைத்துத் தினமும் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, அதுதான். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை, 'னை' பழைய வடிவத்தில் துதிக்கையோடு இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் படிக்க முடிந்தது. ஒரு பெண்ணின் பெயர், அதன் முன்னால் ஊரின் பெயர். மந்திரமில்லை, உங்கள் பாட்டிக்குப் பாட்டியின் பெயராக இருக்கலாம் என்றேன். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, அது அவர்கள் வீட்டுச் சொத்து. அவர் சொல்லச் சொன்னார், சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். வாயில் சரியாக வரும் வரை விடவில்லை.

பேத்தி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள், பத்து வயது. சொம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தேடினாள். கடைசியில், "இது 'ம'" என்றாள்.