தென்னைச் சிற்றுண்ணி: மாதக் கணக்கு வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். களுவாஞ்சிக்குடியில் எங்கள் வளவில் 22 தென்னை நிற்கிறது. கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) தொடங்கினால் போதும், குரும்பைத் தொப்பிக்குக் கீழே வெளிறிய முக்கோணம் விழுந்து, அப்புறம் மண்ணிறமாகி வெடிக்கிறது. இலங்கையில் 1997இல் கற்பிட்டியில் முதன்முதல் கண்ட, குரும்பையின் சாற்றை உறிஞ்சும் அதே நுண்ணிய சிற்றுண்ணிதான்.

நேற்று ஒரு தொப்பியைக் கழற்றி லென்ஸில் பார்த்தேன். புழு மாதிரி வெள்ளையாக மொய்த்துக் கிடந்தன. அவற்றைத் தின்னும் தட்டை உடல் இரைகௌவிச் சிற்றுண்ணி இரண்டே இரண்டு ஓடித் திரிந்தது. லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிலையம் வளர்த்து விடுவது இந்த வகையைத்தான்.

மாரி மழைக்குப் பிறகு இரண்டும் எந்த மாதத்தில் கூடுகின்றன, எப்போது குறைகின்றன என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கச்சானுக்கு முன்பே இரைகௌவியை விட்டால் பாதிப்பு நிற்குமா? மருந்தடிக்க மனமில்லை, இரைகௌவிகளும் சேர்ந்து செத்துவிடும். குரும்பைக்கு எத்தனை என்று எழுதிய பழைய கொப்பி இருந்தாலும் படம் எடுத்துப் போடுங்கள்.