ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ வாங்கலாமா?

சாட்ஸ்வொர்த் பையன்:
அண்ணாமாரே, டர்பனில் ஒரு டொயோட்டா ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐ கார் விலைக்கு வந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்றைத் தாண்டியதும் சத்தமே மாறி வண்டி பிய்த்துக்கொண்டு போகிறது. காற்றைத் திணிக்கும் டர்போவும் கிடையாது, அப்புறம் எப்படி 141 கிலோவாட் திறன்? வாங்கும்முன் எதைப் பார்க்கணும்?

ஃபீனிக்ஸ் அண்ணன்:
தம்பி, அதில் இருப்பது 2இசட்இசட்-ஜிஇ என்ற 1.8 லிட்டர் எஞ்சின், யமஹாவோடு சேர்ந்து உருவாக்கியது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டில் சின்னதும் பெரிதுமாக இரண்டு விதக் கேம் (புடைப்பு) உண்டு. கீழ்ச்சுற்றில் சின்னதுதான் வால்வைத் திறக்கும், பெரியது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சுற்று மேலே போனதும் ஆயில் அழுத்தம், கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் ராக்கர் ஆர்முக்குள் ஒரு பின்னைத் தள்ளும், உடனே பெரிய கேம் பொறுப்பேற்று வால்வை ஆழமாகவும் கூடுதல் நேரமும் திறந்து வைக்கும், கூடுதல் காற்று உள்ளே போய்த் திறன் ஏறும். நீ கேட்ட சத்தம் அதுதான். எஞ்சின் சூடேறாமல் இது வேலை செய்யாது. சூடேறிய பிறகும் 6,000க்கு மேல் மாற்றமே இல்லையென்றால் ராக்கர் பக்கம் ஆயிலைக் கொண்டுபோகும் லிஃப்ட் போல்ட் உடைந்திருக்கலாம், ஆரம்பகால எஞ்சின்களில் தெரிந்த குறை, மாற்றிவிடலாம்.

மாரிட்ஸ்பர்க்:
முதலில் ஆயில் அளவு காட்டும் குச்சியை இழுத்துப் பார். எல்லாமே ஆயில் அழுத்தத்தில் ஓடுகிறது, அளவு குறைந்த நிலையில் விரட்டிய வண்டி வேண்டவே வேண்டாம், சிலிண்டர் சுவர் தனிக் கலவை என்பதால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் சாதாரண ரீபோர் எடுபடாது.

டோங்காட்:
1997 ஹோண்டா சிவிக் டைப் ஆர் 1.6 லிட்டரிலேயே 8,200 சுற்றில் 185 குதிரைத்திறன் எடுத்தது, எனக்கு அதுதான் உச்சம். ஆனால் இங்கே கைக்கு எட்டுவது ஆர்எஸ்ஐதான். சுத்தமான வண்டி என்றால் விட்டுவிடாதே தம்பி.