மறு: மறு: தொடுநமையா, ஊறுநமையா?

நண்பர்களே, வணக்கம். தோல் நோயாளிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'அல்லோக்னீசிஸ்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடுவது என்று மாட்டிக்கொண்டேன். ஆறு வாரத்துக்கு மேல் நீடித்த அரிப்பில் சட்டை உரசினால்கூட, முடி பட்டால்கூட அரிக்கத் தொடங்குமே, அதுதான். கோளாறு தோலோடு நிற்பதில்லை, உள்ளே நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் விதமே மாறிப்போகிறது. 2015இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தார் சுண்டெலிகளின் தண்டுவடத்தில் ஒருவகை நரம்பணுக்களை மட்டும் ஒழித்துப் பார்த்தார்கள். லேசாகத் தொட்டதற்கே எலிகள் சொறிந்தன. ரசாயனத்தால் வரும் அரிப்பு கூடவில்லை. தொடுகை அரிப்பாக மாறாமல் வாசலில் நிற்கும் காவல்காரர்கள் போல அந்த அணுக்கள். நமை என்றாலும் அரிப்புத்தானே, 'தொடுநமை' என்று போடலாமா?

--

அம்மா, தொடுநமை வினைத்தொகை. தொட்ட நமை, தொடுகின்ற நமை, தொடும் நமை. நமை யாரைத் தொட்டது? தொடுபுலனுக்கு வள்ளுவரே 'சுவையொளி ஊறோசை நாற்றம்' என்று சொல் கொடுத்திருக்கிறார். அதில் ஊறு என்பதே தொடுகை. ஊறுநமை என்க.

--

ஐயா, தொடுதிரை மட்டும் யாரைத் தொட்டது? ஊர் முழுக்க அதைத்தானே சொல்கிறது.

--

தம்பி, தொடுதிரையில் தொடப்படுவது திரை. இங்கே தொடப்படுவது தோல். நமை அல்ல.

--

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே நோயாளி 'உடம்பு கடிக்குது' என்றுதான் சொல்லுவார். ஊறுநமை என்று எழுதிக் கொடுத்தால் ஊறுகாயை நிறுத்திவிடுவார். இன்னொன்று, அதே 2015இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தார், நரம்பணுக்களைச் சுற்றியுள்ள விண்மீன் வடிவக் கலங்கள் லிப்போகாலின்-2 என்ற புரதத்தைச் சுரந்து அரிப்புச் சேதியைப் பெருக்குவதை எலிகளில் கண்டார்கள். அந்தக் கலத்துக்கு 'உடுக்கலம்' சரிவருமா?

--

உடு என்றால் விண்மீன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும் அண்ணா, உடுக்கை அடிக்கிற கலம் என்பார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

--

யாரும் வேரைப் பார்க்கவில்லை. அரி என்றால் சிறிது சிறிதாக அறுத்தல். அரிவாள், கறையான் அரித்தது, மண்ணரிப்பு, ஏன், அரிசியும் அங்கிருந்துதான் என்பாரும் உண்டு. நமைச்சலில் இந்த அறுக்கும் பொருள் இல்லை. தினவு என்றால் தோள்தான் தினவெடுக்கும், சண்டைக்குப் போகிற சொல். ஆகவே அரிப்பு.

--

அரிசியை விடுங்கள், வெள்ளிக்கிழமை வந்துவிடும். தொட்டாற்சிணுங்கி இருக்கிறதே, அதுபோல 'தொட்டாலரிப்பு'! படித்தவுடன் புரிகிறது.

--

'தொட்டால்' என்ற எச்சம் முடிய வினை வேண்டும். சிணுங்கியில் சிணுங்கு இருக்கிறது. அரிப்பில்... சரி, அரி இருக்கிறது. இலக்கணப் பிழை இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது கலைச்சொல் அல்ல, விளக்கம். நாளை 'தொட்டாலரிப்புள்ள', 'தொட்டாலரிப்பின்மை' என்று எழுதிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும்.

--

ஊறுநமையின்மை மட்டும் வழுக்கிக்கொண்டா போகிறது ஐயா?

--

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் 'தொட்டாலரிப்பு' போட்டு, முதல் முறை வரும் இடத்தில் 'சட்டை உரசினாலும் அரிப்பது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். யாழ்ப்பாணப் படிக்கு 'கடி' பற்றித் தனியாக எழுதுகிறேன். ஐயாவுக்காகச் சொல்லடைவில் ஊறுநமையும் இருக்கிறது.

--

அடைப்புக்குறிக்குள்ளா, வெளியிலா?