64 பிடிக்கும் பெட்டியில் 68 லட்டு எப்படி?

முறுக்குமாவு:
வீட்டிலேயே பலகாரம் செய்து விசேஷங்களுக்குக் கொடுக்கிறேன். லட்டுக்கு 32 செ.மீ. சதுர அட்டைப்பெட்டி. அச்சில் பிடிப்பதால் லட்டு ஒவ்வொன்றும் 4 செ.மீ. விட்டம். எட்டுக்கு எட்டு, ஒரு அடுக்குக்கு 64. மூன்று வருடமாக இதே கணக்குதான். போன வாரம் ஒரு வளைகாப்புக்குப் பெட்டி கட்டும்போது, உதவிக்கு வரும் அக்கா ஒரே அடுக்கில் 68 வைத்துவிட்டார். அமுக்கித் திணித்திருப்பார் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து எண்ணினேன். ஒன்றுகூட நசுங்கவில்லை. கேட்டால், "இடுக்குல இடுக்குல வெச்சேன், அவ்ளோதான்" என்கிறார். பெட்டியும் அதே, லட்டும் அதே. நாலு லட்டுக்கு இடம் எங்கிருந்து வந்தது? இரண்டு நாளாக இதே யோசனை.

பழைய வாத்தியார்:
அக்கா செய்தது சரிதான் அம்மா. முதல் வரிசையில் 8. அடுத்த வரிசையை நேர் பின்னால் வைக்காமல், இரண்டு லட்டுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் வைத்தால் 7தான் பிடிக்கும். ஆனால் அந்த வரிசை உள்ளே நெருங்கி வந்துவிடும். வரிசைகளின் மையங்களுக்கு நடுவே 4 செ.மீ. வேண்டாம், 3.46 போதும். அப்படியே போனால் ஒன்பது வரிசைக்கு 31.7 செ.மீ.தான் ஆகிறது. எட்டு உள்ளவை ஐந்து வரிசை, ஏழு உள்ளவை நாலு. 40 + 28 = 68. இன்னும் 3 மி.மீ. மிச்சம்!

தேன்கூடும் இதே அமைப்புதான். சமதளத்தில் வட்டங்களை இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது. விளிம்பே இல்லாத பெரிய பரப்பில் 90.69 சதவீதம் நிறையும். கட்டம் கட்டமாக வைத்தால் 78.54தான்.

சந்தேகராமன்:
சார், தண்ணீர் பாட்டில் மூடிகளை வைத்து இப்போதுதான் பார்த்தேன். மூடி 3 செ.மீ., தாளில் 21 செ.மீ. சதுரம். நேராக வைத்தால் 49. இடுக்கில் வைத்தால் 46! எட்டாவது வரிசைக்கு 2 மி.மீ. போதவில்லை. எரிச்சலாக இருந்தது.

பழைய வாத்தியார்:
அங்கேதான் சூட்சுமம். ஒன்று விட்டு ஒரு வரிசையில் ஒவ்வொன்றை இழக்கிறோம். நெருங்கி வந்த மிச்சமெல்லாம் சேர்ந்து ஒரு முழு வரிசைக்கு இடம் கொடுத்தால்தான் லாபம். ஏழுக்கு ஏழில் அது நூலிழையில் தவறுகிறது, எட்டுக்கு எட்டில் கிடைத்துவிடுகிறது. பெட்டியின் விளிம்பு குறுக்கே வந்தாலே இந்தக் கணக்கு இப்படித்தான் முரண்டு பிடிக்கும்.

விளிம்பே இல்லாவிட்டாலும் உருண்டைகள் சுலபமில்லை. பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குகிறார்களே, அதைவிட நெருக்கமாக உருண்டைகளை அடுக்க முடியாது, 74.05 சதவீதம்தான் உச்சம் என்று வானியல் அறிஞர் கெப்ளர் 1611இல் சொன்னார். கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் 1998இல்தான் நிரூபணம் கொடுத்தார். அதைச் சரிபார்த்தவர்கள் 99 சதவீதம் நிச்சயம் என்றார்களே தவிர முழுதாகக் கையெழுத்துப் போடவில்லை. அப்புறம் அவரே ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் வரிவரியாகச் சரிபார்த்து 2014இல் முடித்தார்.

முறுக்குமாவு:
நன்றி சார். நேற்று ஸ்கேல் வைத்து அளந்தேன், நீங்கள் சொன்ன அதே 3 மி.மீ. இடைவெளி. இனி 68 பெட்டி என்று தனி விலை போடப்போகிறேன். 64 கேட்பவர்களுக்குப் பழையபடி நேர் வரிசைதான். இடுக்கில் வைத்து நாலைக் குறைத்தால், ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கினாலே லட்டெல்லாம் உருண்டு பூந்தியாகிவிடும்.