"டோங் பாவ்": நூறு முட்டையில் பிறந்த சொல்லா?

கடலோடி:
வியட்நாமியர் தம் நாட்டு மக்களை "டோங் பாவ்" என்று அழைப்பார்கள். ஒரே கருப்பையில் பிறந்தவர்கள் என்று பொருள். 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் விடுதலைப் பிரகடனம் வாசித்த ஹோ சி மின், இடையில் நிறுத்தி "நான் பேசுவது டோங் பாவுக்குக் கேட்கிறதா?" என்றாரே, அதே சொல். மூலம் ஊரறிந்த கதை. டிராகன் குலத்து லாக் லாங் குவானுக்கும் தேவதை ஆவ் கோவுக்கும் நூறு முட்டைகளிலிருந்து நூறு பிள்ளைகள். ஐம்பது பேர் தாயோடு மலைக்கு, ஐம்பது பேர் தந்தையோடு கடலுக்கு.

சொல்லாய்வன்:
கதை அழகுதான். ஆனால் "டோங்" (ஒரே), "பாவ்" (கருப்பை) இரண்டுமே சீனத்திலிருந்து வந்தவை. கி.பி. முதல் நூற்றாண்டின் ஹான் வம்ச வரலாற்று நூலிலேயே இந்தச் சொல் உடன்பிறந்தார் என்ற பொருளில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் சீனத் தத்துவஞானி ஜாங் சாய் "மக்கள் எல்லாரும் என் உடன்பிறப்புகள்" என்று எழுதி அதை ஊருக்கே பொதுவாக்கிவிட்டார். உங்கள் கதையோ 15ஆம் நூற்றாண்டில்தான் அரசு வரலாற்றில் ஏறுகிறது, 1479இல்.

கடலோடி:
ஏட்டில் ஏறிய ஆண்டா கதையின் வயது? அதுவரை பாட்டிமார் வாயை மூடிக்கொண்டா இருந்தார்கள்?

சொல்லாய்வன்:
கதைக்கு எவ்வளவு வயது வேண்டுமானாலும் இருக்கட்டும் நண்பரே, கேள்வி சொல்லைப் பற்றியது. கொரியர் "தோங்போ" என்கிறார்கள், ஜப்பானியர் "தோஹோ" என்கிறார்கள். எழுத்தும் அதேதான். அவர்களும் ஆவ் கோவின் பிள்ளைகளா? (கொரியாவிலும் முட்டையில் பிறந்த மன்னர்கள் உண்டே என்று யாரும் கிளம்ப வேண்டாம். அங்கே நூறு முட்டை இல்லை.)

மேகலா:
இந்தச் சண்டையில் மலைக்காரர்களை விட்டுவிட்டீர்கள். இன்று பேச்சுவழக்கில் வெறுமனே "டோங் பாவ்" என்றாலே பல நேரம் சிறுபான்மை இனத்தவர்தான். நாட்டில் மொத்தம் 54 இனங்கள். சாம் மக்களுக்கு போ நகர் தாய்த்தெய்வம் இருக்கிறாள், குமு மக்கள் சுரைக்காயிலிருந்து வந்தவர்கள் என்கிறது அவர்கள் கதை. எல்லாரையும் ஒரே முட்டைப் பையில் போட்டது யார்? பெரும்பான்மையினரான கின் மக்களின் கதைதானே அது?

கடலோடி:
மலைக்குப் போன ஐம்பது பேர் அவர்களுக்காகத்தான் அக்கா! சொல்லாய்வன் ஐயாவுக்கு ஒன்று: "லின் நாம் சிக் குவாய்" கதைத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். ஆவ் கோ பெற்ற பையைத் தீய சகுனம் என்று வயலில் எறிகிறார்கள், ஏழு நாள் கழித்து அது பிளந்து முட்டைகள் வெளிவருகின்றன. அந்தப் பைக்கு அங்கே எழுதியிருப்பது இதே "பாவ்" எழுத்து. இது தற்செயலா?

சொல்லாய்வன்:
தற்செயல் இல்லை. எழுதியவர்கள் சீனம் கரைத்துக் குடித்த பண்டிதர்கள். கருப்பைக்கு வேறு எந்த எழுத்தைப் போடுவார்கள்?