ஆர்க்கிட் இலை சுருங்குகிறது, தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை. காப்பாற்ற வழி உண்டா?

முகப்பேர் மாடிவீடு:

வணக்கம். எங்கள் வீட்டு ஆர்க்கிட் நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போகிறது. வளர்த்துப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

செடியின் பெயர் ஃபெலனாப்சிஸ் என்று நர்சரியில் சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஊதாப் பூ. என் மகள் தன் முதல் சம்பளத்தில் தாத்தாவுக்கு வாங்கிக் கொடுத்தது. சித்திரையில் வந்தபோது எந்தப் பீங்கான் தொட்டியில் இருந்ததோ அதிலேயே இன்னும் இருக்கிறது. கூடத்தில் தொலைக்காட்சி மேசை மீது வைத்திருக்கிறோம். கிழக்கு ஜன்னல் அங்கிருந்து ஏழெட்டு அடி தள்ளி. மாலையில் ஏசி ஓடும்.

வந்த சில நாட்களிலேயே மொட்டுகள் விரியாமல் மஞ்சளாகி உதிர்ந்தன. விரிந்திருந்த பூக்கள் நன்றாகவே நின்று, பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. இப்போது ஆடி முடியப் போகிறது. அடி இலைகள் தோல் சுருங்கித் துவண்டு தொங்குகின்றன. நடு இலை மட்டும் நிமிர்ந்திருக்கிறது. பூந்தண்டு இன்னும் பச்சையாக நிற்கிறது. தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக அடைத்திருக்கும் பாசியைத் தொட்டால் ஈரம். கிட்டே போனால் சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் எழும்புகின்றன.

என் மாமனார் காலையில் துளசிக்கும் செம்பருத்திக்கும் ஊற்றும்போது இதற்கும் அரைச் சொம்பு ஊற்றுவார். இலை சுருங்கத் தொடங்கியதிலிருந்து மாலையிலும் ஊற்றுகிறார். அவ்வப்போது அரிசி களைந்த கழுநீரும் உண்டு. பேத்தி கொடுத்த செடி என்பதால் அவருக்கு இது மற்றச் செடிகளைப் போல அல்ல. காலையில் எழுந்ததும் முதலில் இதைத்தான் போய்ப் பார்க்கிறார்.

இன்னும் தண்ணீர் தேவைப்படுகிறதா? உரம் வைக்கலாமா? தண்டை வெட்டலாமா?

திருச்சி ரோஜாத்தோட்டம்:

தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை நீரில் கரைத்து ஊற்றிப் பாருங்கள். என் ரோஜாக்கள் அதில்தான் தேறின. ஆர்க்கிட்டுக்குத் தண்ணீருக்குப் பதில் வாரம் மூன்று ஐஸ் கட்டி வைத்தால் போதும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

பெங்களூரு நிழல்வலை:

அம்மா, உரம் வேண்டாம். தண்ணீரையும் இன்றே நிறுத்துங்கள். செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஈரமான பாசிக்குள் நிற்கும் செடியின் இலை சுருங்குகிறது என்றால், தண்ணீர் இருந்தும் அதை உறிஞ்ச வேர் இல்லை என்று பொருள். பார்ப்பவர் கண்ணுக்கு அது தாகமாகவே தெரியும். அதனால் இன்னும் ஊற்றுவோம், மிச்சமிருக்கும் வேரும் அழுகும். வீடுகளில் இந்தச் செடி சாவது பெரும்பாலும் இப்படித்தான். உங்கள் மாமனார் அக்கறையில் செய்ததைத்தான் எவரும் செய்வார்கள்.

இது மண்ணில் வளரும் செடியே அல்ல. தென்கிழக்காசியக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர் விட்டு வாழ்வது. மழை பெய்யும்போது வேர் நனையும், நின்றதும் காற்றில் உலரும். அந்த வேரின் மேல் பஞ்சுபோன்ற ஓர் உறை உண்டு. உலர்ந்திருக்கும்போது வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். நீர் பட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறும். காற்றே புகாத ஈரத்தில் வாரக்கணக்கில் கிடந்தால் மூச்சு முட்டி அழுகிவிடும்.

கடையில் விற்கும் அழகான பீங்கான் தொட்டிக்கு அடியில் பெரும்பாலும் ஓட்டை இருக்காது. உள்ளே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் நெருக்கித் திணித்த பாசி. அந்தப் பாசி வெகுதூரம் பயணம் செய்யும் செடிக்கு ஈரம் காப்பதற்காக வைத்தது. ஓட்டையே இல்லாதபோது ஐஸ் கட்டியா சொம்பா என்ற பேச்சுக்கு இடமில்லை.

கழுநீரையும் விட்டுவிடுங்கள். மண்ணில் நிற்கும் செம்பருத்திக்குச் சரி. பாசிக்குள் அது புளிக்கும். நீங்கள் சொல்லும் ஈக்கள் அழுகலையும் ஈரத்தையும் தேடித்தான் வருகின்றன.

எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். வேர்களை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

நாகர்கோவில் தோப்பு:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். சென்னை வெக்கையில் ஃபெலனாப்சிஸுடன் போராடுவதைவிட டென்ட்ரோபியம் என்ற ஆர்க்கிட் வகையை வாங்கி வையுங்கள். எங்கள் வீட்டுத் திண்ணையோரம் கரியும் ஓட்டுத் துண்டும் போட்ட தொட்டிகளில் வருடத்தில் பல மாதம் பூக்கிறது. வெயில் தாங்கும், வெக்கை தாங்கும். காலை வெயில் நன்றாக விழும் பால்கனி இருந்தால் அதுதான் உங்களுக்கு ஏற்றது. வீட்டுக்குள் வைத்தால் அதுவும் பூக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முகப்பேர் மாடிவீடு:

நன்றி ஐயா. பால்கனிக்கு டென்ட்ரோபியம் வாங்கத் தோன்றுகிறது. ஆனால் இந்தச் செடியை விட மனமில்லை. காரணம் சொல்லியிருக்கிறேன்.

இன்று மாமனாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தோம். பெங்களூரு நண்பர் சொன்னபடி பீங்கானுக்குள் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதைத் தூக்கியதும் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பு நீர் நின்றது. சாக்கடை வாடை. வெளிப்பக்கப் பாசியை உரித்து எடுத்த பின் நடுவில் இன்னொரு பாசி உருண்டை இருந்தது. பிழிந்தால் நீர் சொட்டியது. வேர்களில் பெரும்பாலானவை பழுப்பு. பிடித்து இழுத்தால் மேல்தோல் காலுறைபோலக் கழன்று கையோடு வந்துவிட்டது, உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் மிஞ்சியது. மேல்பக்கம் மூன்று நான்கு வேர் கெட்டியாக இருக்கின்றன. அதில் ஒன்று தொட்டிக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனி பளிச்சென்று பச்சை. அதை மாமனார்தான் முதலில் பார்த்தார்.

அடுத்து என்ன செய்ய வேண்டும்?

பெங்களூரு நிழல்வலை:

அந்தப் பச்சை நுனி போதும். நடு இலையும் நிமிர்ந்திருக்கிறது என்கிறீர்கள். செடி பிழைக்கும். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கத்தரிக்கோலை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, குழகுழத்த வேர் எல்லாவற்றையும் வெட்டி எறியுங்கள். இரக்கம் பார்க்க வேண்டாம். கெட்டியான வேரை, நிறம் எப்படி இருந்தாலும், விட்டுவிடுங்கள். பாசிக்குள் ஒளி படாமல் கிடந்த வேர் மஞ்சளாக இருக்கும், அது கெட்டது அல்ல. வெட்டிய முனையில் சமையலறைப் பட்டையைப் பொடித்துத் துளி தொட்டு வைக்கலாம். நல்ல வேரின் மேல் அது படக்கூடாது, உலர்த்திவிடும். பூந்தண்டை அடியிலிருந்து ஒரு விரல் விட்டு வெட்டிவிடுங்கள். வேரில்லாத செடியிடம் பூவைக் கேட்கக்கூடாது.

ஒரு பகல் நிழலில் காயட்டும். பிறகு நடுங்கள். தொட்டி சிறியதாக இருக்க வேண்டும், மிஞ்சிய வேர் அடங்கும் அளவுக்கு மட்டும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தால் வேர் வெளியிலிருந்தே தெரியும். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், சூடுபடுத்திய கம்பி போதும். உள்ளே அடுப்புக்கரித் துண்டுகளும் தேங்காய் மட்டைத் துண்டுகளும் சரிபாதி. இரண்டும் கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு. மட்டையை இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைத்து, நிறமிறங்கும் நீரைத் தினமும் மாற்றுங்கள், அதில் உப்பு இருக்கும். கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் வேண்டவே வேண்டாம், அது பாசியைவிட இறுகிவிடும். இலைகள் கிளம்பும் இடம் மேலே தெரிய வேண்டும், புதைக்கக்கூடாது. செடி ஆடினால் புது வேர் நுனி உரசி முறியும், ஆகவே ஒரு குச்சியோடு தளர்வாகக் கட்டுங்கள்.

இடத்தை மாற்றுங்கள். ஏழெட்டு அடி தள்ளி என்பது அதற்கு இருட்டறை. கிழக்கு ஜன்னலை ஒட்டி, மெல்லிய திரைக்குப் பின்னால் வையுங்கள். இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டினால் ஓரம் மங்கிய நிழல் விழ வேண்டும். கறுத்த அழுத்தமான நிழல் என்றால் வெயில் அதிகம், நிழலே இல்லையென்றால் ஒளி போதாது. ஏசிக் காற்று நேராகப் படக்கூடாது.

தண்ணீர் காலையில் மட்டும். ஊற்றினால் அடி ஓட்டை வழியாக ஓடும் அளவுக்குத் தாராளமாக ஊற்றி, முழுவதும் வடிய விடுங்கள். பீங்கான் தொட்டியை அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், வடிந்த பிறகு உள்ளே இறக்க வேண்டும். அடுத்த முறை எப்போது என்பதைக் கிழமை பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேர் வெள்ளிச் சாம்பலாக மாறும்வரை காத்திருங்கள். சென்னைக் கோடையில் வாரம் இரண்டு முறை ஆகலாம், ஐப்பசி மழையில் பத்து நாள்கூடத் தாங்கும். இலைகளின் நடுக்குழியில் நீர் தேங்கினால் உடனே துணி முனையால் ஒற்றி எடுங்கள். இந்தச் செடிக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்றுதான். அது அழுகினால் செடி பிழைப்பது அரிது.

உங்கள் மாமனாரிடம் சொம்பைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். வீட்டில் ஒருவர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், அந்த ஒருவர் அவராகவே இருக்கட்டும். தினமும் காலையில் பார்க்கிறார் அல்லவா? தொட்டியைக் கையில் எடுத்து, வேர் சாம்பலா பச்சையா என்று பார்த்து அவரே முடிவு செய்யட்டும். தொட்டியின் கனமும் சில வாரங்களில் கைக்குப் பழகிவிடும்.

சுருங்கிய அடி இலைகள் பழைய நிலைக்கு வருவது கடினம். தாமாக மஞ்சளாகி விழும்வரை வெட்டாதீர்கள், செடி அவற்றிலுள்ள சத்தை இழுத்துக்கொள்ளும். புது வேர் எட்டிப் பார்க்கும்வரை உரம் இல்லை. அதன்பின் திருச்சி நண்பர் சொன்ன 19:19:19 நல்லதுதான், ஆனால் லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் போகக்கூடாது, அதுவும் வேர் நனைந்திருக்கும்போது.

சேலம் மலையடிவாரம்:

இடையில் ஒரு கேள்வி. ஏற்காட்டுப் பாதையில் மரங்களில் ஆர்க்கிட் பார்த்திருக்கிறேன். நம் ஊர்ச் செடி என்பதால் வீட்டில் எளிதாக வருமா? ஒன்றைப் பெயர்த்து எடுத்து வரலாமா?

பெங்களூரு நிழல்வலை:

வேண்டாம் தம்பி. காப்புக் காட்டிலிருந்து எடுப்பது சட்டப்படி குற்றம். எடுத்து வந்தாலும் பெரும்பாலும் பிழைக்காது. மரத்திலிருந்து பிய்க்கும்போதே வேர் போய்விடும். அகத்தியமலைப் பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரி என்ற ஆர்க்கிட்டை இப்படிப் பிடுங்கிப் பிடுங்கியே காட்டில் காண்பதற்கு அரிதாக்கிவிட்டார்கள். ஆசையிருந்தால் ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். வளர்க்க நர்சரிச் செடியே வாங்குங்கள்.

சிங்கப்பூர் தாழ்வாரம்:

அக்கா, தொலைக்காட்சி மேசையில் பழக்கூடையும் இருந்ததா? சித்திரை என்றதால் கேட்கிறேன்.

முகப்பேர் மாடிவீடு:

ஆமாம்! மாம்பழக் கூடை அங்கேதான் இருந்தது. எப்படித் தெரிந்தது?

சிங்கப்பூர் தாழ்வாரம்:

பழுக்கும் மாம்பழமும் வாழைப்பழமும் எத்திலீன் வாயு விடும். அது பட்டால் ஆர்க்கிட் மொட்டு விரியாமல் மஞ்சளாகி உதிரும். இடம் மாறியதும் ஏசிக் காற்றும்கூடச் சேர்ந்திருக்கலாம். அடுத்த முறை மொட்டு வைக்கும்போது பழத்தை வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.

இங்கே சீனப் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வீடு ஃபெலனாப்சிஸ் வாங்குவார்கள். பூ விழுந்ததும் பல செடிகள் குப்பைக்குப் போகும். நான் சிலவற்றைக் கேட்டு வாங்கி வளர்க்கிறேன், அதனால் சொல்கிறேன்: வெப்பநாட்டில் இதை உயிரோடு வைப்பது எளிது, மறுபடி பூக்க வைப்பதுதான் கடினம். 28 டிகிரிக்கு மேலேயே நாள் முழுவதும் இருந்தால் இலை விடும், பூந்தண்டு விடாது. சில வாரமாவது இரவில் குளிர வேண்டும். எங்களுக்கு இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. தைவான் போன்ற இடங்களில் குளிரூட்டிய பசுமைக்கூடங்களில் வைத்துத்தான் பூந்தண்டு விட வைக்கிறார்கள். உங்களுக்குச் சென்னையில் ஒரு வசதி உண்டு. மார்கழி, தை இரவுகளில் 20, 21 டிகிரிக்கு வரும். அந்த இரண்டு மாதமும் செடியைத் திறந்த ஜன்னலோரம் வையுங்கள். இந்த ஆண்டு எதிர்பார்க்க வேண்டாம், வேர் பிடிக்கட்டும். அதற்கடுத்த மார்கழியை நம்பலாம்.

முகப்பேர் மாடிவீடு:

நட்டுவிட்டோம். மாமனார் கரியைத் தாமே உடைத்து, சலித்து, தூளை விலக்கினார். தொட்டியை ஜன்னலோரம் வைத்து, பக்கத்திலேயே தன் நாற்காலியையும் போட்டுக்கொண்டார். ஈக்கள் போய்விட்டன.

கடைசியாக ஒரு சந்தேகம். எங்கள் போர் தண்ணீர் கடும் உப்பு, வாளியில் வெள்ளை படியும். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் நீரைத்தான் மாமனார் செடிகளுக்குச் சேர்த்து வைப்பார். அதை இதற்கு ஊற்றலாமா?

பெங்களூரு நிழல்வலை:

கூடாது. வடிகட்டிய உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் சேருகிறது, போர் தண்ணீரைவிட மோசம். வேர் நுனி கருகும். ஒரு செடிக்கு வாரத்துக்கு இரண்டு லிட்டர்கூட ஆகாது, குடிக்கும் ஆர்.ஓ. நீரையே ஊற்றுங்கள். பருவமழை தொடங்கியதும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து மாடியில் வாளி வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மூடி போட்டு வைத்தால் கொசு வராது, அந்த நீர் மாதக்கணக்கில் போதும்.