பழைய நெகட்டிவ், ஸ்லைடு, கண்ணாடிப் படங்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்தவர்களின் அனுபவங்கள்: சேலம், ஏற்காடு

அம்மாபேட்டையிலிருந்து:

பழைய குடும்பப் படங்களைக் கணினியில் ஏற்றுவது என்றதும் பெரும்பாலோர் ஆல்பத்தைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். நாங்கள் ஆல்பத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, பெரியப்பா வீட்டுப் பரணில் கிடந்த பிஸ்கட் டின்னிலிருந்து தொடங்கினோம். நெகட்டிவ்கள் அதில்தான் இருந்தன. ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் பிரிண்ட், ஸ்டுடியோக்காரர் ஓரத்தை நறுக்கித் தமக்குச் சரியென்று பட்ட வெளிச்சத்தில் போட்டுக் கொடுத்தது. நெகட்டிவிலோ கேமராவுக்குள் விழுந்தது முழுவதும் இருக்கிறது. எதற்குப் பின் எது எடுக்கப்பட்டது என்ற வரிசையும் இருக்கிறது. அந்த வரிசையைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பெரியப்பாவிடம் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3 கேமரா. 120 என்னும் அகலமான பிலிமின் ஒரு ரோலில் ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் அளவில் 12 படங்கள் விழும். கழுவிய ரோலை மும்மூன்று படமாக நறுக்கி, பட்டர் பேப்பர் உறையில் போட்டு வைத்திருந்தார். ஏற்காடு ஏரிக்கரையில் பெரியப்பாவும் பெரியம்மாவும் நிற்கும் படம் ஒன்று எங்கள் வீட்டில் நெடுநாளாக வழக்கில் இருந்தது. கல்யாணமான கையோடு எடுத்தது என்பார் அத்தை. அண்ணன் பிறந்த பிறகு எடுத்தது என்பார் அப்பா. பிரிண்டில் இருப்பது அவர்கள் இருவர் மட்டுமே என்பதால் தீர்ப்புக்கு வழியில்லை. நறுக்கிய அந்தத் துண்டை, அதாவது ஸ்ட்ரிப்பை, அடியிலிருந்து வெளிச்சம் தரும் லைட் பேடின் மேல் வைத்தபோது, அதே துண்டின் அடுத்த கட்டத்தில், ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையின் கம்பி வேலியோரம் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவர் அத்தையேதான். திரையில் பெரிதாக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அந்தச் சீலை எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது கண்ணு, புள்ளையத் தூக்கிட்டுப் போனதுதான் ஞாபகம் இல்ல" என்றார். அப்பா அன்று முழுவதும் மிகவும் உற்சாகமாக இருந்தார்.

அதே உறைக்குள் 'இந்து' பிலிமின் காலி அட்டைப் பெட்டியும் மடிந்து கிடந்தது. உதகையில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960-இல் தொடங்கப்பட்டாலும் உற்பத்தி 1967-இல்தான் ஆரம்பமாயிற்று. அந்த ரோல் அந்தப் பெட்டியில் வந்ததுதான் என்றால், படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. உறை, பெட்டி, ஸ்டுடியோ ரசீது என்று எது கிடைத்தாலும் குப்பையில் போடாமல், அதையும் ஒரு படமாக எடுத்து அந்த ரோலின் கோப்புகளோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வரிசை போனால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் வீட்டிலேயே சான்று உண்டு. 35 மி.மீ. நெகட்டிவ்களில் ஒரு பகுதியைச் சித்தப்பா மகன் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்திருந்தான். சட்டத்தில் பொருத்த வசதியாக அங்கே ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக வெட்டி, எல்லாவற்றையும் ஒரே பாலிதீன் உறையில் கொட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பிலிமின் ஓரத்தில் 11, 11ஏ, 12 என்று அச்சிட்டிருக்கும் எண்களைப் பார்த்து ஓரளவு அடுக்கினோம்; ஆனால் ஒரே கம்பெனியின் இரண்டு ரோல்கள் கலந்துவிட்ட இடத்தில் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. கடையில் கொடுத்தே ஆக வேண்டுமானால், வெட்டக் கூடாது என்று உறையின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.

வேலை முறை எளிதுதான். மூடியிலும் விளக்கு உள்ள ஸ்கேனர் வேண்டும்; காகிதம் மட்டும் ஸ்கேன் செய்யும் இயந்திரத்தில் நெகட்டிவ் கருப்பாகவே வரும். 35 மி.மீ. பிலிமுக்கு 3200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) வைத்தால் ஏறக்குறைய 4500-க்கு 3000 பிக்சல் கிடைக்கும், அது வீட்டுத் தேவைக்குத் தாராளம். 120 பிலிமுக்கு 2400 போதும். இதற்கு மேல் எண்ணைக் கூட்டினால் கோப்பு பருக்குமே தவிர, படத்தில் புதிதாக எதுவும் தெரிவதில்லை. முதலில் ஸ்ட்ரிப் முழுவதையும் ஓர எழுத்துகளோடு ஒரே படமாக எடுத்துவிடுகிறோம், பிறகுதான் கட்டம் கட்டமாக. காடி வாசனை அடிக்கும் பிலிம் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுத் தனியே வையுங்கள். பிலிமின் அடித்தளமான அசிடேட் சிதையும்போது வருவது அந்த வாசனை. அதன் அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும், பக்கத்தில் உள்ளவற்றையும் கெடுக்கும்.

ஏற்காட்டிலிருந்து:

மேலே எழுதிய நண்பர் சொல்வது ஸ்லைடுக்கும் பொருந்தும். என் மாமனார் காபித் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தோட்டத்துத் துரை ஊருக்குத் திரும்பியபோது விட்டுச்சென்ற கோடாக்குரோம் (கோடாக் கம்பெனியின் வண்ண பிலிம்) ஸ்லைடுகள் அவரிடம் இருந்தன. அட்டைச் சட்டத்தில் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். ஆனால் அது கழுவிய தேதி, எடுத்த தேதி அல்ல. ஆகஸ்ட் என்று குத்தியிருந்த ஒரு ஸ்லைடில் காபிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கின்றன. இங்கே பூ மழை எனப்படும் கோடை மழைக்குப் பிறகு மார்ச், ஏப்ரலில்தான் காபி பூக்கும். ஆக, அந்த ரோல் கேமராவுக்குள்ளேயே நாலைந்து மாதம் கிடந்திருக்கிறது. சட்டத்தை நம்பித் தேதி போடுபவர்கள் படத்துக்குள் இருக்கும் பருவத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.

மலையில் எங்களுக்குப் பெரிய தொல்லை பூஞ்சைதான். மூடுபனிக் காலத்தில் பீரோவுக்குள் இருக்கும் செருப்பே பூத்துவிடும்போது பிலிமில் படத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு எம்மாத்திரம்? பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரையும் தன்மையை அடைந்துவிடுவதால், ஈரத் துணியால் துடைத்தால் பூஞ்சையோடு படமும் வந்துவிடும். ரப்பர் புளோயரால் ஊதிவிட்டு, மீதிப் புள்ளிகளைக் கணினியில் நீக்குவதே பாதுகாப்பு. ஸ்கேனரில் தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு வசதி இருந்தாலும் கோடாக்குரோமுக்கு அதை அணைத்துவிடுங்கள். அதன் சாயம் அகச்சிவப்பை ஓரளவு தடுப்பதால், படத்தின் நுணுக்கத்தையே தூசி என்று எண்ணி அழித்துவிடும். கருப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளித் துகள்களே அகச்சிவப்பை மறைத்துவிடுவதால் அங்கும் அது உதவாது. வண்ண நெகட்டிவுக்கு நன்றாக வேலை செய்கிறது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

எங்கள் வீட்டில் நெகட்டிவ் ரோல் எதுவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த கொள்ளுத் தாத்தாவின் படம் ஒன்றுதான். கண்ணாடியின் மேல் தலைமுறை தலைமுறையாக வைத்த சந்தனமும் குங்குமமும், கண்ணாடிக்கு உள்ளே அதனோடேயே ஒட்டிப்போன படம். பிரித்தால் முகம் கண்ணாடியிலும் காகிதம் கையிலுமாக வந்துவிடும் என்பதால், மேற்புறத்தை மட்டும் துடைத்துவிட்டுக் கண்ணாடியோடு ஸ்கேன் செய்தேன். மெல்லிய சிஐஎஸ் வகை ஸ்கேனரில் மசங்கலாகத்தான் வந்தது, ஏனென்றால் தன் மேல் நேரடியாகப் படிந்திருப்பது மட்டுமே அதற்குத் தெளிவாகத் தெரியும். நண்பர் ஒருவரின் பழைய, கனமான, லென்ஸ் வழியாகப் படிக்கும் சிசிடி வகை ஸ்கேனரில் மீசை முடி உட்படத் துல்லியமாக வந்தது. புதியதுதான் நல்லது என்று நினைத்து வாங்கப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சட்டத்தின் பின்னட்டையைக் கழற்றியபோது ஸ்டுடியோவின் முத்திரையும் பென்சிலால் எழுதிய நெகட்டிவ் எண்ணும் இருந்தன. ஸ்டுடியோ இப்போது இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தார் பழைய நெகட்டிவ்களை மரப்பெட்டியில் எண் போட்டு வைத்திருந்தார்கள். எண்ணைச் சொன்னதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த நெகட்டிவை விளக்கில் சாய்த்துப் பிடித்தால், படம் படிந்து மங்கலாக இருக்கும் மருந்துப் பக்கத்தில், கன்னத்தின் மேல் பென்சிலால் செய்த டச்சிங் (முகத்தைத் திருத்திய வேலை) நுண்ணிய கீற்றுகளாக மின்னுகிறது. அழுக்கென்று நினைத்து அந்தப் பக்கத்தைத் துடைத்துவிட்டால் டச்சிங் போய்விடும், பளபளப்பான பக்கத்தைத்தான் துடைக்கலாம். படத்தின் முன்புறம், பின்னட்டை, நெகட்டிவ் மூன்றுக்கும் அந்த நெகட்டிவ் எண்ணையே கோப்புப் பெயராக வைத்திருக்கிறேன்.

ஸ்கேன் முடிந்த நெகட்டிவ்களை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேலத்து வெயிலுக்குப் பரண் மட்டும் ஆகாது, தகரக் கூரைக்கு அடியில் அறவே ஆகாது. கீழ் அறையில், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத் தட்டில், பட்டர் பேப்பர் உறையில் வைத்திருக்கிறேன். அந்தத் தட்டில் அந்துருண்டை போடுவதில்லை.